கருவண்டுக்கு ஒரு டோக்கன்

பிள்ளைகளே, உங்கள் வீட்டு வாசலில் வைத்தே உங்களை யாராவது விரட்டியிருக்கிறார்களா?

என்னை விரட்டினார்கள். போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கையில் பால் பாக்கெட், அக்குளில் பேப்பர். நான் பாட்டுக்கு வீட்டுக்குள் வருகிறேன்... 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம். மூக்குக்கு நேராக, ஒரு முழம் தள்ளி, ஒருத்தன் அந்தரத்தில் நிற்கிறான். உடம்பெல்லாம் மஞ்சள் கம்பளி போர்த்திய ஒரு குண்டு வண்டு. நான் இடது பக்கம் நகர்ந்தால் அவனும் இடது பக்கம். நான் வலது என்றால் அவனும் வலது. பிறகு என் நெற்றியைப் பார்த்து ஒரே பாய்ச்சல்.

பால் பாக்கெட் தரையில். நான் தெருவில்.

சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீடு அது. நான் பிறந்து வளர்ந்த வீடு. அந்த வண்டு பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. யார் யாரை விரட்டுவது?

வாசலில் இருக்கும் அவரைப் பந்தலுக்குக் கீழே என் மகள் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு. விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பயப்படாதீங்கப்பா. அது ஆம்பள வண்டு. அதுக்குக் கொடுக்கே கிடையாது. சும்னே சீன் போடும்."

"கொட்டாதா?"

"கொட்டறதுக்கு இன்னா இருக்குது அதுங்கிட்ட? பொம்பள வண்டுக்குத்தான் கொடுக்கு. அதுவும் புடிச்சி அமுக்கினாத்தான் கொட்டும். நம்மளக் கண்டுக்கவே கண்டுக்காது."

நல்ல விஷயம்தான். ஆனால் இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை பிள்ளைகளே. தலையை அண்ணாந்து, பந்தலின் குறுக்குக் கட்டையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்தக் குறுக்குக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி மலருக்குச் சொந்த ஊர் பூதிகோட்டை. அவரை விதையும் பூதிகோட்டை, பந்தல் போட்ட மரமும் பூதிகோட்டை. 'எங்க ஊரு மரம் கல்லு மாதிரி இருக்கும்' என்பாள். அந்தக் கல்லு மாதிரி மரத்தில்தான் அடிப்பக்கமாக ஒரு ஓட்டை விழுந்திருந்தது. என் சுண்டு விரல் நுழையும். காம்பஸ் வைத்து வரைந்தது போல அப்படி ஒரு வட்டம்.

துளைத்தது பெண் கருவண்டு. உடம்பு கறுப்பு, தோளில் மட்டும் மஞ்சள் சால்வை, இறக்கையில் நீலப் பளபளப்பு. பல்லாலேயே மரத்தைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே போகிறது. மரத்தைத் தின்பதில்லை. மாவாக்கிக் கீழே தள்ளிவிடுகிறது. கொஞ்ச தூரம் நேராக மேலே போய்விட்டு, அப்புறம் சட்டென்று பக்கவாட்டில் திரும்பி, மரத்தின் நார் ஓடுகிற திசையிலேயே நீளமாகக் குடைகிறது. அந்தக் குகையில் ஒரு பூந்தூள் உருண்டை, அதன் மேல் ஒரு முட்டை. மரத்தூளால் ஒரு தடுப்பு. மறுபடி ஓர் உருண்டை, ஒரு முட்டை, ஒரு தடுப்பு. ரயில் பெட்டி மாதிரி வரிசையாக அறைகள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? கே.ஜி.எஃப்.பில் தங்கச் சுரங்கம் மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தர்ஷினி பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே மூடியாகிவிட்டது. ஆனாலும் சுரங்கத்து வார்த்தைகளை யாரும் மூடவில்லையே. ஓட்டைக்கு அவள் வைத்த பெயர் ஷாஃப்ட். பக்கவாட்டில் திரும்புகிற குகை, லெவல். கீழே குவிந்த மரத்தூள், டம்ப் — எங்கள் ஊரில் அந்தப் பழைய சுரங்க மணல் மலையை டம்ப் என்றுதான் சொல்வோம். என்னை விரட்டிய மஞ்சள் பயல்? ஷாஃப்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேன்.

எல்லாம் அழகுதான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஏன் என்று கேட்கிறீர்களா?

நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். தர்ஷினி எழுவதற்கு முன்னால் ரயில் ஏறிவிடுவேன். திரும்பி வரும்போது அவள் சாப்பிட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். வாரத்தில் ஆறு நாள் அவள் என்னைப் பாதித் தூக்கத்தில்தான் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் நாள். மாலையில் பைக்கில் பின்னால் உட்காருவாள். டம்ப் பக்கமாக ஒரு சுற்று. அப்புறம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பேக்கரி, ஆளுக்கொரு எக் பஃப்ஸ். போகிற வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்துக் கதையையும் என் முதுகுக்குச் சொல்லுவாள். எந்த டீச்சர் என்ன சொன்னார், யார் யாரோடு 'டூ', யாருடைய டிபன் பாக்ஸில் என்ன இருந்தது... பாதி காற்றில் போய்விடும். மீதிதான் எனக்கு அடுத்த ஞாயிறு வரை.

அன்றைக்கு மாலை பைக்கைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தேன்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. இன்னிக்கி ரெண்டாவது லெவல் திரும்புது. நான் பாக்கணும்."

தனியாகப் போனேன். பஃப்ஸ் சாப்பிட்டேன். அதில் முட்டை இருந்ததா இல்லையா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

திரும்பி வந்தபோதுதான் அந்தக் கொடுமையைக் கேட்டேன். பந்தலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மேலே பார்த்து, தர்ஷினி பேசிக்கொண்டிருந்தாள்.

"...அப்புறம் இன்னா ஆச்சி தெரியுமா? காவ்யா எங்கிட்ட பேசவே இல்ல. நான் இன்னா பண்ணேன்? சும்மாத்தான் சிரிச்சேன். தன்னப் பாத்துத்தான் சிரிச்சேன்னு அவ நெனச்சிக்கினா..."

அது என் கதை பிள்ளைகளே. என் முதுகுக்கு வர வேண்டிய கதை. ஒரு கட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பொறாமை சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். தம்பிக்குப் புதுச் சட்டை வாங்கினால் உங்களுக்கு வருமே, அதேதான். பெரியவர்களுக்கும் வரும். ஆள் அளவுக்கு ஏற்ற மாதிரி பெரிய சைஸில் வரும்.

அடுத்த ஞாயிறு நான் தயாராக வந்தேன். ஷட்டில் பேட் இரண்டு, ஒரு டப்பா காக், அதாவது இறகுப் பந்து. வண்டால் ஷட்டில் ஆட முடியுமா? பார்த்துவிடலாம்.

தர்ஷினிக்குச் சந்தோஷம். வாசலிலேயே ஆடினோம். நான் பந்தைத் தூக்கி அடித்தேன். அது மேலே போனது. அவ்வளவுதான்... பந்தலிலிருந்து வாட்ச்மேன் பாய்ந்தான். பந்தைத் துரத்திக்கொண்டே கீழே வரைக்கும் வந்து, அது தரையில் விழுந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஜெயித்தவன் மாதிரி பழைய இடத்துக்குப் போய் நின்றான்.

தர்ஷினி குதித்தாள். "அப்பா, இன்னொருவாட்டி அடிங்க. உயரமா."

அடித்தேன். பாய்ந்தான். அடித்தேன். பாய்ந்தான். பிறகு அவளே பேட்டை வாங்கி அடித்தாள். ஆட்டம் அவளுக்கும் வண்டுக்கும் என்று ஆகிவிட்டது. நான்? காக் பொறுக்கிக் கொடுத்தேன்.

மலர் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். "இன்னாங்க, வண்டோட பங்காளிச் சண்டையா?" என்றாள்.

பங்காளிச் சண்டையில் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

மறுநாள் ரயிலில் அந்தோணியிடம் சொன்னேன். அந்தோணி என் ரயில் சிநேகிதர். தினமும் எதிர் சீட்டு. எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார். யோசனைக்கு முன்னால் கிண்டல் வைத்திருப்பார்.

"இன்னாப்பா சொல்ற? பொண்ணு உன்ன வுட்டுட்டு வண்டோட பேசுதா?"

"மெதுவாப் பேசுங்க. நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஒரு வண்டு உன் எடத்தப் புடிச்சிக்கினு கீது. நீ இங்க குந்திக்கினு அழுவுற." முன்னால் குனிந்தார். "ஓட்டைய அடைச்சிடு. அது மேயப் போற நேரமாப் பாத்து அடை. திரும்பி வந்து பாக்கும், வீடு இல்ல, வேற எடம் பாத்துக்கினு போயிடும். பாவமும் இல்ல, பழியும் இல்ல."

பாவமும் இல்லை, பழியும் இல்லை... பங்காருப்பேட்டை தாண்டியும் அது காதிலேயே இருந்தது. எத்தனை நியாயமான யோசனை. யாரையும் அடிக்கப் போவதில்லை. காலி வீட்டை மூடப் போகிறேன். அவ்வளவுதானே?

ஞாயிறு வந்தது. மலரும் தர்ஷினியும் டெய்லர் கடைக்குப் போனார்கள். நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பந்தலுக்குக் கீழே நின்றேன். கருவண்டு வெளியே வந்தது. அவரைப் பூக்களைச் சுற்றிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் பறந்துபோனது.

மண்ணை வைத்து மூடலாம். ஆனால் மரத்தையே துளைக்கிறவளுக்கு மண் எம்மாத்திரம்? யோசித்து வைத்திருந்தேன். தர்ஷினியின் விளையாட்டு டப்பாவிலிருந்து ஒரு குட்டிக் கோலிக்குண்டை எடுத்து ஓட்டையில் வைத்து அழுத்தினேன். அதற்கென்றே செய்த மாதிரி இறுக்கமாக உட்கார்ந்தது. கண்ணாடியைத் துளைக்க முடியுமா அவளால்? மேலே செம்மண்ணைக் குழைத்துப் பூசினேன். டம்ப்பைக் கூட்டித் தள்ளினேன்.

வாட்ச்மேன் மட்டும் என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். "கத்துடா, கத்து. உங்கிட்ட இன்னா இருக்குது?" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை உள்ளே வைத்தேன்.

தர்ஷினி வந்தாள். நான் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பந்தலைப் பார்த்தாள். வண்டு வெளியே போயிருக்கிறது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"அப்பா, பேக்கரி போலாமா?"

கேட்டீர்களா பிள்ளைகளே? அவளாகவே கேட்டாள். எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. பைக்கைக் கிளப்பினேன். அவள் பின்னால் ஏறி என் சட்டையைப் பிடித்தாள். அவ்வளவுதான், ஜெயித்துவிட்டேன்.

அப்போதுதான் கருவண்டு திரும்பி வந்தது.

பின்னங்கால் இரண்டிலும் மஞ்சள் தூள் அப்பியிருக்க, கனமாகப் பறந்து வந்தது. நேராகக் கட்டைக்கு அடியில் போனது. முட்டியது. பின்னால் வந்தது. மறுபடி முட்டியது. ஓர் அங்குலம் தள்ளித் தேடியது. மறுபடி அதே இடம். மண்ணைப் பிறாண்டி உதிர்த்தது. உள்ளே கண்ணாடி.

என் சட்டையைப் பிடித்திருந்த கை போய்விட்டது.

தர்ஷினி பந்தலுக்குக் கீழே போய் நின்றாள். தரையில் உதிர்ந்த மண்ணைப் பார்த்தாள். கட்டையில் மிச்ச மண்ணுக்கு நடுவே மின்னும் கோலிக்குண்டைப் பார்த்தாள். அது அவளுடைய பச்சைக் குண்டு. அப்புறம் என்னைப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். இல்லை. மெதுவாக ஒன்று கேட்டாள்.

"டோக்கன் எண்ணீங்களாப்பா?"

உங்களுக்குப் புரியாது, சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் ஆளுக்கொரு டோக்கன் எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு டோக்கன் குறைந்தாலும் கீழே ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் செருப்பில் ஒட்டிக்கொண்டது. ராத்திரி தாழ்ப்பாள் போடும் முன் வாசலில் இருக்கும் செருப்பைப் பார்ப்போம். 'டோக்கன் எண்ணியாச்சா?' என்று மலர் கேட்பாள். 'அப்பா டோக்கன் இன்னும் வரல' என்பாள் தர்ஷினி. ரயில் எத்தனை லேட்டானாலும் என் செருப்பு வராமல் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் விழுந்ததில்லை.

"அது வெளிய போச்சும்மா. நான் பாத்துட்டுத்தான்..."

"ஒண்ணுதான் வெளிய போச்சி. உள்ள எத்தினி பேருன்னு பாத்தீங்களா?"

நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கட்டையின் மேல் காதை வைத்தேன்.

உள்ளே சத்தம். ரொம்ப மெல்லிசாக, 'ர்ர்ர்... ர்ர்ர்...' என்று. நின்றது. மறுபடி வந்தது. இறக்கை முளைத்து, வெளியே வரத் தயாராக இருந்த பிள்ளைகள். அவர்களுக்கு வழி நான் வைத்த பச்சைக் கண்ணாடியோடு முடிந்திருந்தது.

என் காது சில்லென்று ஆகிவிட்டது பிள்ளைகளே. சுரங்க ஊரில் பிறந்தவன் நான். ஆள் உள்ளே இருக்கும்போது ஷாஃப்ட் வாயை மூடிவிட்டேன்.

விரலால் நோண்டினேன். வரவில்லை. அழுத்தினால் இன்னும் உள்ளே போகும், உள்ளே இருப்பவர்கள் நசுங்குவார்கள். மலர் ஓடி வந்து தலையிலிருந்த ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். மண்ணை ஓரம் ஓரமாகச் சுரண்டினேன். கருவண்டு என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கொடுக்கு உள்ள ஆள். நான் கையை எடுக்கவில்லை. வாட்ச்மேன் என் காதில் கத்திக்கொண்டே இருந்தான். கத்தட்டும், இப்போது அவனுக்கு உரிமை இருக்கிறது.

"மெதுவா, மெதுவா" என்றாள் மலர். "பூதிகோட்டை மரம். கல்லு மாதிரி."

"இப்பவா அதச் சொல்லணும்?"

குண்டு அசைந்தது. கொஞ்சம் உள்ளே போனது. பின்னை அதன் பின்பக்கம் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினேன். பொட்டென்று கீழே விழுந்து உருண்டது.

கருவண்டு என்னைப் பார்க்கக்கூட இல்லை. தூள் சுமந்த காலோடு விறுவிறுவென்று உள்ளே ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த சத்தமும் அடங்கியது.

நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தர்ஷினி கோலிக்குண்டை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.

"நீங்க லேட்டா வந்தா நாங்க கதவ மூடறோமாப்பா?"

என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"நீ அதுங்கிட்டயே எல்லாத்தையும் பேசுற. காவ்யா கதையக் கூட. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற."

அவள் என்னைப் பார்த்தாள். காக் பொறுக்கிக் கொடுத்தவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"அதுங்கிட்ட சொல்லிப் பாத்துக்கினு இருந்தேன்ப்பா. உங்ககிட்ட அழுவாம சொல்லணுமில்ல."

மலர் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

அன்று பேக்கரிக்குப் போகவில்லை. பந்தலுக்குக் கீழேயே உட்கார்ந்து காவ்யா கதை முழுவதையும் கேட்டேன். முதுகால் அல்ல, முகத்தால். கொஞ்சம் அழத்தான் செய்தாள். வாட்ச்மேன் எங்கள் இருவர் தலைக்கும் நடுவே வந்து வந்து நின்றான்.

அவனைப் பார்த்துக்கொண்டே ஒன்று யோசித்தேன். சிட்டுக்குருவியை விரட்டுகிறான், தும்பியை விரட்டுகிறான், இறகுப் பந்தை விரட்டுகிறான், என்னை விரட்டுகிறான். யாரும் அவன் இடத்தைக் கேட்கவில்லை. அந்த ஓட்டையை அவன் துளைக்கவும் இல்லை, பூந்தூள் சுமக்கவும் இல்லை. நாளெல்லாம் அந்தரத்தில் நின்று 'என்னுது, என்னுது' என்று கத்துகிறான். பொறாமைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் போலிருக்கிறது. கொடுக்கு இல்லாதவனுக்குத்தான் சத்தம் அதிகம்.

இதை அந்தோணியிடம் சொன்னேன். "நான் அப்பவே சொல்லல?" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவரை நன்றாகக் காய்க்கிறது. அந்தப் பூவை உலுக்கி மகரந்தம் சேர்க்கத் தெரிந்தவள் கருவண்டுதானாம் — தர்ஷினி சொன்னாள். ஞாயிறு பைக் சுற்றும் திரும்பி வந்துவிட்டது. என்ன... வழியில் மரக்கம்பம் எது தெரிந்தாலும் நிறுத்தச் சொல்கிறாள். அதனால் பேக்கரி போய்ச் சேர்வதற்குள் பஃப்ஸ் ஆறிவிடுகிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், முழுசாக இல்லை. போன வாரம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது பார்க்கிறேன், வரிசையில் புதிதாக ஒன்று இருக்கிறது. கவிழ்த்து வைத்த ஒரு சோடா மூடி.

"இது இன்னாம்மா?"

"கருவண்டு டோக்கன்ப்பா. அது அப்பவே வந்து உள்ள போயிடுச்சி. நீங்கதான் பாக்கி."

மலர் செருப்பு, தர்ஷினி செருப்பு, சோடா மூடி. அதற்கும் அப்புறம்தான் என் இடம். என் செருப்பை வைத்தேன். தாழ்ப்பாள் விழுந்தது.

இருக்கட்டும். என்ன இருந்தாலும் அந்த வரிசையில் என் செருப்புதான் பெரியது.